மடங்காத கை

காலையில் கண் விழித்ததும் சாமி படத்தைப் பார்க்கிற ஆள் இல்லை நான். என் வலது கையைத்தான் பார்ப்பேன். படுத்தபடியே விரல்களை மடக்கிப் பார்ப்பேன். உள்ளங்கையைத் தொட்டுவிட்டால் அன்றைக்கு நான் மனுஷி. தொடாவிட்டால் வீட்டில் யாரும் என் பக்கம் வராமல் இருப்பது அவர்களுக்கு நல்லது.

ஏழு வாரமாக நன்றாகத்தான் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை தொடவில்லை. சுண்டுவிரல் பாதி வழி வந்து நின்றுகொண்டது. மற்ற விரல்கள் அதுகூட வரவில்லை. கணுக்கள் உப்பிப் பளபளவென்று இருந்தன. இடது கையால் வலது விரல்களைப் பிடித்து அமுக்கிப் பார்த்தேன், வலி தோள்பட்டை வரைக்கும் போனது. மணி ஐந்தே கால். பதினோரு மணிக்கு நாங்கள் விளாங்குடியில் மாப்பிள்ளை வீட்டில் இருக்க வேண்டும். மத்தியானம் அந்த வீட்டில் நான் கை நனைக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் பெண், மாப்பிள்ளை பேச்சு நடக்கும்போது எத்தனை தடவை போனாலும் வந்தாலும் தண்ணீர், காப்பியோடு சரி. சோறு சாப்பிட மாட்டோம். சோற்றில் கை வைத்தால் சம்மதம் என்று அர்த்தம். இலை போட்டு உட்கார்ந்த பிறகு சாப்பிடாமல் எழுந்தால் அதற்கும் அர்த்தம் உண்டு, அதற்கு மேல் பேச்சே கிடையாது. பெண்ணைப் பெற்றவள் எழுந்துவிட்டால் கூட வந்தவர்கள் எல்லாம் வயிறு முட்டச் சாப்பிட்டும் பிரயோசனம் இல்லை. என் மகள் சரண்யாதேவிக்கு அன்றைக்குக் கல்யாணம் உறுதியாவதும் ஆகாததும் இந்த வீங்கிப் போன ஐந்து விரல்களில் இருந்தது.

வெந்நீர் வைத்துக் கையை முக்கினேன். சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்தேன். மறுபடி முக்கினேன். என் வீட்டுக்காரர் அழகுபாண்டி எழுந்து வந்து என்னைப் பார்த்தார், பாத்திரத்தைப் பார்த்தார்.

"வந்துருச்சா?"

"வரல. நீங்க போய்க் குளிங்க."

"எதுக்கு மறைக்கிற? போன் போட்டு அடுத்த வாரம் வாரோம்னு சொல்லிருவோமா?"

"சொல்லுங்க. பொண்ணோட ஆத்தா மறுபடியும் மொரண்டு பண்றான்னு ஊரே பேசட்டும்."

மறுபடியும் என்று நானே சொன்னதுதான் எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் மொரண்டு பண்ணியவள்தான் நான். போன வருஷம் ஆடி மாதம், கூட வேலை பார்க்கும் ஸ்டீபன் என்கிற பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று சரண்யா வந்து நின்றாள். விளாங்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இவள் கணக்கு டீச்சர், அவன் ஆபீஸ் கிளார்க். வேதக்காரப் பிள்ளை. நான் சோற்றைத் தள்ளி வைத்தேன். மூன்று நாள். சரண்யா லீவு போட்டுவிட்டு, வேளைக்கு ஒரு தட்டு கொண்டுவந்து என் முன்னால் வைப்பாள், நான் ஒற்றை விரலால் தள்ளுவேன். மூன்றாம் நாள் சாயங்காலம் மாட்டுக்கொட்டத்தில் மயங்கி விழுந்து குளுக்கோஸ் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு சாப்பிட்டேன், ஆனால் எட்டு மாதம் சம்மதம் சொல்லவில்லை. கடைசியில் எப்படிச் சம்மதித்தாய் என்று கேட்டால் வெட்கமாக இருக்கிறது. அந்தப் பையனிடம் குறை தேடித் தேடி எனக்கே அலுத்துவிட்டது.

அந்த எட்டு மாதத்தில்தான் இந்த நோயும் என்னோடு குடியேறியிருந்தது. முதலில் துணி பிழிய முடியவில்லை. அப்புறம் குழாய் திருக முடியவில்லை, தலை பின்ன முடியவில்லை. சுளுக்கு என்று நினைத்து வழித்துவிட்டார்கள், தைலம் போட்டார்கள். மதுரையில் மூட்டு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா ஒருவர்தான் ரத்தம் எடுத்துப் பார்த்து, ஆமவாதம் என்றார். காகிதத்தில் சி.ஆர்.பி. என்று ஒரு வரி இருந்தது. ஆறுக்குள் இருக்க வேண்டியதாம், எனக்கு நாற்பத்தெட்டு.

"ஒங்க உடம்புல காவலுக்கு வச்ச ஆளே வீட்டை அடிச்சு நொறுக்குறான்னு வச்சுக்கங்க" என்றார் டாக்டரம்மா. "மூட்டுல மட்டும் இல்ல, உள்ளுக்குள்ள எல்லா எடத்துலயும் வீக்கம். வாரா வாரம் போடுற மாத்திரையை நிறுத்தவே கூடாது. ஆனா மாத்திரையை மட்டும் நம்பிக்கிட்டும் இருக்கக் கூடாது."

பிறகு சொல்லிக்கொண்டே போனார். சீனி, மைதா, எண்ணெயில் பொரித்தது, பாக்கெட்டில் அடைத்தது எல்லாவற்றையும் குறைக்க வேண்டும். கீரை, பயறு, மீன், சிறுதானியம் சேர்க்க வேண்டும். தினமும் அரை மணி நேரம் நடக்க வேண்டும். பத்து மணிக்குப் படுக்க வேண்டும். கோபத்தையும் கவலையையும் குறைக்க வேண்டும். இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாண வயதில் மகளை வைத்துக்கொண்டு எந்தக் கடையில் போய்க் கவலையைக் குறைத்து வாங்குவது?

ஆனால் எதையும் அரைகுறையாகச் செய்கிற பழக்கம் எனக்கு இல்லை. வீட்டுக்கு வந்து தேதி கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எல்லாவற்றையும் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். வலித்த கையால் எழுதியதால் எழுத்து கோழி கிளறிய மாதிரி இருந்தது. சாமை, வரகு, முருங்கைக்கீரை, அயிரை மீன், கொள்ளு ஒரு பக்கம். பரோட்டா, பஜ்ஜி, மிக்சர், ஜாங்கிரி, சீனி போட்ட டீ இன்னொரு பக்கம், ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு கோடு. கீழே, உப்பைக் குறை, பத்து மணிக்கு விளக்கை அணை. கடைசி வரி, கத்தாதே.

சரண்யா சனி, ஞாயிறுதான் ஊருக்கு வருவாள். அந்தத் தாளைப் பார்த்துவிட்டு அவள் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

"இது என்னம்மா? அவுக வீட்டுல சாப்பிட முடியாதுன்னு சொல்றதுக்கா?"

எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. என் நோய்கூட இவளுக்கு நடிப்பாகத் தெரிகிறதே என்று அன்றைக்கு முழுக்கப் பாத்திரங்களை உருட்டினேன். ஆனாலும் நான் செய்து வைத்தது அப்படி. சோற்றை ஒரு தடவை ஆயுதமாக எடுத்தவள், அடுத்த தடவை தட்டை நகர்த்தினால் யார் நம்புவார்கள்? இரண்டு வாரம் கழித்து வந்தபோது அவள் அந்தத் தாளைப் போனில் படம் எடுத்து, சிரித்துக்கொண்டே யாருக்கோ அனுப்பினாள். டீச்சர்மார் எல்லாரும் சேர்ந்து என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இடையில் ஒரே ஒரு தடவை தவறினேன். பரவையில் ஒரு காதுகுத்து. நாலு நாள் அங்கேயே கிடந்து, ஓடியாடி வேலை பார்த்து, கடைசி நாள் இரண்டு பரோட்டாவும் ஒரு ஜாங்கிரியும் சாப்பிட்டேன். மறுநாள் கை பொங்கிவிட்டது. பரோட்டாவைத் திட்டிக்கொண்டே டாக்டரம்மாவிடம் போனேன். "ஒரு வேளை சாப்பாடு இம்புட்டும் செய்யாது. நாலு நாள் தூங்காம அலைஞ்சீங்களே, அதைச் சொல்லுங்க" என்றார். எனக்கு அவர் சொன்னது பிடிக்கவில்லை. பரோட்டாவைத் திட்டுவது சுலபமாக இருந்தது.

போன மாதம் சி.ஆர்.பி. பதினொன்றுக்கு வந்தது. கை மடங்கியது. சட்டைப் பித்தானைக்கூடப் போட்டுவிட்டேன் என்று என் வீட்டுக்காரரிடம் போட்டுக் காட்டினேன். அப்புறம்தான் மாப்பிள்ளை வீடு பார்க்க நாள் குறித்தார்கள். குறித்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. என்ன சேலை, என்ன பேசுவார்கள், அவர்கள் கோயில் கல்யாணம் எத்தனை மணிக்கு, நம் மண்டபத்துக் கல்யாணம் எத்தனை மணிக்கு என்று படுத்தபடியே கணக்குப் போட்டேன். கடைசி இரண்டு ராத்திரி ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. சாப்பாட்டில் ஒரு பருக்கை தப்பவில்லை. அப்படியும் வந்துவிட்டது. டாக்டரம்மா சொன்னது சரி என்பதை ஒத்துக்கொள்ள அதைவிடக் கெட்ட நாள் கிடைக்காது.

ஒன்பது மணிக்கு வாடகைக் கார் வந்தது. முன்னால் என் வீட்டுக்காரரின் அண்ணன் கருத்தக்கண்ணன், நான் மாமா என்று கூப்பிடுவேன். பின்னால் நான், என் வீட்டுக்காரர், சரண்யா. மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகும்போது பெண் கூட வருவது எந்த ஊர் வழக்கம் என்று மாமா டி. கல்லுப்பட்டி தாண்டுவதற்குள் மூன்று தடவை கேட்டுவிட்டார். தினமும் அந்த வீட்டு வாசல் வழியாகத்தான் வேலைக்குப் போகிறாள் என்று நான் சொன்னதும் அவருக்கு வாய் அடைத்துப்போனது. திருமங்கலம் வந்ததும் மறுபடி திறந்தது.

"தாமரை, இந்தா பாரு. அந்த வீட்டுல ஒன் நோயைப் பத்தி மூச்சு விடக் கூடாது. எம் மூத்த மகளுக்கு மொத வந்த வரன் எப்புடிப் போச்சு? ஆத்தாளுக்குத் தோலு வெளுக்குற வெம்மேகம் இருக்குன்னு எவனோ சொல்லித்தான போச்சு? ஆத்தாளுக்கு இருந்தா மகளுக்கும் வரும்பாங்க. கல்யாணம் முடியிற வரைக்கும் எல்லாரும் வாயைக் கட்டணும். சரண்யா, ஒனக்குந்தான்."

"சரி பெரியப்பா" என்று சொல்லிவிட்டு அவள் சன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

மாமா சொல்லாவிட்டாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். மகளுக்கும் வருமா என்று டாக்டரம்மாவிடம் நானே கேட்டிருக்கிறேன். வரும் என்றும் சொல்ல முடியாது, வராது என்றும் சொல்ல முடியாது என்றார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணுக்கு எப்படி வரன் பேசுவது? வலது கையைச் சேலைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்துக்கொண்டேன். கார் குலுங்கும்போதெல்லாம் உள்ளே விரல்களை மடக்கிப் பார்த்தேன். திருப்பரங்குன்றம் தாண்டும்போது சுண்டுவிரல் கொஞ்சம் கூடுதலாக வந்த மாதிரி இருந்தது. அதற்குள் ஒரு வேகத்தடை வந்து எல்லாவற்றையும் கெடுத்தது.

ஸ்டீபனின் அப்பா யேசுதாஸ் வீடு மாடி வீடு, சுத்தமான வீடு. அவர் பள்ளிக்கூட ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி மரியம்மாள் டீச்சர், இன்னும் இரண்டு வருஷம் சர்வீஸ் பாக்கி இருக்கிறதாம். சர்ச்சில் பூசை முடிந்து வந்த சேலையை இன்னும் மாற்றவில்லை. வாசலிலேயே இரண்டு கையையும் நீட்டி என்னை வரவேற்றார். நான் இடது கையை மட்டும் கொடுத்தேன். பழத்தட்டை நான் தூக்கியிருக்க வேண்டும், என் வீட்டுக்காரர் தூக்கிக்கொண்டு நின்றார். ஆம்பளை தட்டுத் தூக்கிக்கொண்டு நிற்பதை மரியம்மாள் டீச்சர் ஒரு நொடி பார்த்தார். பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி வாங்கிக்கொண்டார்.

ஆம்பளைகள் உட்கார்ந்து ரோடு, மழை, பென்ஷன் என்று பேச ஆரம்பித்தார்கள். ஸ்டீபன் எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்தான். எனக்கு உட்கார இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து சுவரில் இருந்த போட்டோக்களைப் பார்த்தேன். ஸ்டீபன் நாலாங்கிளாஸில் எப்படி இருந்தான் என்பது எனக்கு அன்றைக்கு ரொம்ப முக்கியமாகிவிட்டது. பாத்ரூம் எங்கே என்று கேட்டு உள்ளே போய், குழாயைத் திறந்துவிட்டு விரல்களை மடக்கிப் பார்த்தேன். பதினொன்றரைக்குச் சுண்டுவிரல் வந்தது. மத்தியானம் ஆக ஆக விட்டுவிடும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். பன்னிரண்டேகாலுக்கு மறுபடி பாத்ரூம். மோதிரவிரல் பாதி வந்தது. கட்டை விரல் மட்டும் செத்த மரம் மாதிரி நின்றது. கட்டை விரல் இல்லாமல் சோற்றை எப்படி அள்ளுவது?

மூன்றாவது தடவை நான் வெளியே வந்தபோது மரியம்மாள் டீச்சர் வெராந்தாவில் நின்றுகொண்டிருந்தார்.

"ஒடம்புக்கு ஏதும் முடியலையா சம்பந்தி?"

சம்பந்தி என்று அவர் முதல் தடவையாகச் சொன்னார். "சேச்சே, கார்ல வந்த அலுப்பு" என்றேன். அவர் இன்னும் ஏதோ கேட்கப் போகிறவர் மாதிரி நின்றார். நான் வேகமாகக் கூடத்துக்குப் போய்விட்டேன்.

ஒரு மணிக்கு இலை போட்டார்கள். நீள மேசை. எனக்கு நடு இடம். ஆட்டுக்கறி பிரியாணி, சுக்கா, எண்ணெய் மினுங்கும் பரோட்டா, பிரெட் அல்வா, ஒரு தட்டு நிறைய கோழி பொரித்தது. என் ஃபிரிட்ஜ் கதவில் கோடு போட்டிருந்ததெல்லாம் வரிசையாக இலைக்கு வந்தன. பரவாயில்லை, ஒரு வாய் சாப்பிட்டால் செத்துவிட மாட்டோம் என்று முடிவு பண்ணித்தான் உட்கார்ந்தேன். ஒரே ஒரு வாய். மகளுக்காக மைதாவைத் தின்றால் என்ன, மண்ணையே தின்றால்தான் என்ன? பிரச்சினை சாப்பாடு இல்லை. அந்த ஒரு வாயை இலையில் இருந்து வாய்க்குக் கொண்டுபோக எனக்குக் கை இல்லை.

ஸ்பூன் கேட்டால் ஏன் என்று கேட்பார்கள். இடது கையால் சாப்பிட்டால் அதைவிட அசிங்கம் இல்லை. தலைப்புக்குள் கையை அமுக்கினேன், தொடையில் வைத்து அமுக்கினேன். கண்ணில் தண்ணீர் வந்தது.

யேசுதாஸ் ஜெபம் சொல்லி முடித்த கையோடு மாமா சுக்காவில் இறங்கிவிட்டார். என் வீட்டுக்காரர் ஒரு பிடி அள்ளி, என்னைப் பார்த்துவிட்டு, அப்படியே வைத்துவிட்டார். யேசுதாஸ் சாப்பிடாமல் காத்திருந்தார். மரியம்மாள் டீச்சர் கரண்டியோடு எனக்கு எதிரே நின்றார்.

"தாமரை, கையை வையி" என்றார் மாமா.

நான் வைக்கவில்லை.

"என்னத்தா யோசன? சூடு ஆறிப்போகும், சாப்புடு."

யேசுதாஸ் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. மரியாதையான மனுஷன். தண்ணீர் டம்ளரை இப்படியும் அப்படியும் நகர்த்திவிட்டு மெதுவாகச் சொன்னார். "அம்மாவுக்கு மனசுல ஏதாச்சும் இருந்தா இப்பவே சொல்லிரலாம். நாங்க தப்பா நெனைக்க மாட்டோம். கட்டாயப்படுத்திச் செய்யிற காரியம் இல்ல இது."

கதவோரம் சரண்யா நின்றாள். அவள் முகம் எனக்குத் தெரிந்த முகம். போன வருஷம் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் நின்றபோது இருந்த அதே முகம்.

"அம்மா, சொல்லிரும்மா" என்றாள்.

வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சபையிலேயே சொல்லித் தொலை என்கிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். எனக்கு நெஞ்சு கொதித்தது. இவளுக்காக இரண்டு ராத்திரி தூங்காமல் கிடந்தவள் நான். இவளுக்காகத்தான் இந்தக் கையை ஒளித்து வைத்துக்கொண்டு திருடி மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். அப்படியும் இவள் கண்ணுக்கு நான் சோற்றைத் தள்ளுகிறவள்தான். அதோடு மாமா, மானம், வழக்கம் எல்லாம் என் மண்டையை விட்டுப் போய்விட்டது. தலைப்பை விலக்கிக் கையை மேசை மேல் இலைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"எனக்கு மனசுல ஒண்ணும் இல்லைங்க. கை மடங்கல."

எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள். நல்ல வெளிச்சத்தில் அது இன்னும் பெரியதாகத் தெரிந்தது.

"சுளுக்கு" என்றார் மாமா அவசரமாக. "நேத்து மாடு இழுத்துருச்சு."

"மாடும் இழுக்கல, கண்ணுக்குட்டியும் இழுக்கல. ஆமவாதம். ஒரு வருசமா இருக்கு. மருந்து சாப்புடுறேன், பத்தியம் இருக்கேன், நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டு நாளாத் தூங்காததுல இன்னைக்கு வந்துருச்சு. எம் மகளுக்கு வருமா வராதான்னு எனக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. மறைச்சுக் கல்யாணம் பண்ணத்தான் வந்தோம். எம்புட்டு நேரந்தான் மறைக்க? எனக்கு முழுச் சம்மதம். ஒங்களுக்கு இனிமே சம்மதமான்னு நீங்க சொல்லுங்க."

கடைசியில் என் குரல் கிறீச்சிட்டது. மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் விரலில் இருந்த மசாலா நெற்றியில் ஒட்டியது.

மரியம்மாள் டீச்சர் யேசுதாஸைப் பார்த்தார். அவர் தலையை ஆட்டினார். டீச்சர் கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போனார். போச்சு என்று நினைத்தேன். எங்கள் பையை எடுத்துக்கொண்டு வருவார், பழத்தட்டைத் திருப்பிக் கொடுப்பார், நாங்கள் காரில் ஏறுவோம். நாற்காலியைப் பின்னால் தள்ளக்கூட எனக்கு ஒரு கைதான் இருந்தது.

அவர் மூடி போட்ட இரண்டு பாத்திரங்களோடு வந்தார். பிரியாணி இருந்த என் இலையை ஒதுக்கிவிட்டு, புது இலை போட்டு, மூடியைத் திறந்தார். சாமைச் சோறு. அயிரை மீன் குழம்பு. பின்னாலேயே ஸ்டீபன் ஒரு கிண்ணத்தில் முருங்கைக்கீரையைக் கொண்டுவந்து வைத்தான்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. "இது யாருக்குப் பண்ணுனது?" என்றேன்.

"ஒங்களுக்குத்தான். காலையில பூசைக்குப் போறதுக்கு முன்னாடியே பண்ணி வச்சுட்டேன்." டீச்சர் தன் போனை எடுத்து என் முன்னால் வைத்தார். அதில் என் காலண்டர் தாள். கோழி கிளறிய என் எழுத்து. கோடு போட்ட பரோட்டா, கோடு போட்ட ஜாங்கிரி. கீழே, கத்தாதே. "ஒங்க மக அனுப்புனது. ஒங்க நோயைப் பத்தி ஸ்டீபனுக்கு மொதல்லயே சொல்லிட்டா. எனக்கு ரெண்டு மாசமாத் தெரியும்."

"அப்புறம் ஏன் டீச்சர் இதை உள்ளயே வச்சிருந்தீங்க?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். அன்றைக்கு அவர் கேட்ட ஒரே கேள்வி.

"மொத மொத வர்ற சம்பந்திக்கு நாமளாச் சாமைச் சோறு போட்டா என்ன நெனைப்பாங்க? கறி ஆக்க வக்கில்லாத வீடுன்னு சொல்ல மாட்டாங்களா? அதுவும் போக, அம்மா வெளிய சொல்ல விரும்பலன்னு சரண்யா சொன்னா. நாமளாப் பேச்சை எடுத்தா அவுக மனசு நோகும்ல? அவுகளாக் கேட்டா எடுத்து வைப்போம்னு இருந்தோம். வெராந்தாவுலகூட ஒங்களக் கேட்டேன், கார் அலுப்புன்னீங்க."

நான் கதவோரம் பார்த்தேன். சரண்யா அழுதுகொண்டிருந்தாள். சொல்லிவிடு என்று அவள் சொன்னது எதை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளை நான் ஒரு வருஷமாகத் தப்பாகவே படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது, இரண்டும் சேர்ந்து எனக்குக் கோபம்தான் வந்தது.

"ஏன்டி, இதை என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"சொன்னா, என்னையக் கேக்காம ஏன் சொன்னன்னு நாலு நாள் கத்துவ. கத்துனா ஒனக்குக் கை வீங்கும்."

ஸ்டீபன் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடினான். யேசுதாஸ் முதல் தடவையாகத் தன் இலையில் கை வைத்தார். மாமாவுக்கு மட்டும் இன்னும் நிம்மதி வரவில்லை. வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே, அது முடியவில்லையே அவருக்கு.

"எல்லாம் சரித்தா. ஆனா இன்னும் நீ கை நனைக்கலையே? கரண்டியில சாப்புட்டா அது கணக்குல வருமா?"

"எந்தக் கணக்குல மாமா? சோறு வயித்துக்குள்ள போகணும், அம்புட்டுத்தான?"

அதற்குள் சரண்யா கை கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். சாமைச் சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்தாள். முள் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். முள்ளோடு தின்கிற அயிரையில் எவளாவது முள் பார்ப்பாளா? கணக்கு டீச்சர், அவளுக்கு மீனைப் பற்றி என்ன தெரியும். ஒரு வாய் உருட்டி என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

போன வருஷம் இதே கை நீட்டிய தட்டை மூன்று நாள், எட்டுத் தடவை தள்ளியிருக்கிறேன். ஒவ்வொன்றும் எனக்கு ஞாபகம் வந்தது. முதல் நாள் ராத்திரி தோசை வைத்திருந்தாள், பக்கத்தில் எனக்குப் பிடித்த மல்லிச் சட்டினி. அது காய்ந்து போகும்வரை தட்டை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

நான் வாயைத் திறந்தேன்.

யேசுதாஸ் "ஸ்தோத்திரம்" என்று மெதுவாகச் சொன்னது கேட்டது. மாமா ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு இன்னொரு பரோட்டா கேட்டார். மரியம்மாள் டீச்சர் என் இடது கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. எப்படியோ உள்ளே அனுப்பினேன்.

"எப்படிம்மா இருக்கு?" என்றாள் சரண்யா.

"உப்பு கம்மி."

"லிஸ்டுல நீதான எழுதியிருக்க, உப்பைக் குறைன்னு" என்று சொல்லிக்கொண்டே அடுத்த வாயை உருட்டினாள். அவள் கண்ணைத் துடைக்க அவளுக்கும் கை ஒழியவில்லை. மடங்காத என் வலது கையின் புறங்கையால் நான்தான் துடைத்துவிட்டேன்.